எஸ்கலின் கடையில் நின்ற சுரம்

பல்தசார் கர்வாலோ தன் பெரிய பிடிலின் மூன்றாவது கம்பியைச் சுண்டி எழுப்பிய சுரம், அவசரநிலைக்கு முந்தின வருசம் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பிற்பகல் நாலு மணிக்கு, தூத்துக்குடி தோணிக்காரத் தெருவில் எஸ்கலினுடைய மக்ரூன் கடையில் பிறந்தது. மற்றச் சுரங்களைப் போல இரண்டு மூச்சு நேரத்தில் அடங்கிப்போகாமல் அன்று மாலையும் இருந்தது, மறுநாள் காலை அடுப்பு பற்றவைக்கும்போதும் இருந்தது, அடுத்த வருசத்து மாதா கோயில் திருவிழாவுக்கும் இருந்தது, மொத்தம் இருபத்தொன்பது வருசம் இருந்தது.

பல்தசார் எங்கள் தெருவில் தோணி செய்கிற ஆசாரி ஒருவரின் மகன். பத்தொன்பது வயதில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், வெங்காயம் ஏற்றிப் போன தோணியில் சமையலாளாகக் கொழும்புக்குப் போனார். துறைமுகத்தை ஒட்டிய ஹோட்டல் ஒன்றில், சிப்பாய்கள் ஆடுவதற்காக வாசித்த பேண்டு செட்டில், டபுள் பேஸ் என்கிற அந்த ஆள் உயரப் பெரிய பிடிலைச் சுமந்து மேடை ஏற்றுகிற வேலை கிடைத்தது. அதை வாசிக்கிற பறங்கிக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்ட ஒரு சனிக்கிழமை, மேடை மொட்டையாகத் தெரியக் கூடாது என்பதற்காக, "நீ சும்மா அதப் பிடிச்சிக்கிட்டு நில்லு, கையை மட்டும் ஆட்டு" என்று பேண்டு தலைவர் சொன்னார். பல்தசாரும் சும்மாதான் நின்றார், கையை மட்டும்தான் ஆட்டினார். ஆனால் மூன்றாவது பாட்டில் விரல் தவறிக் கம்பியில் பட்டுவிட்டது, பட்டது சரியான இடமாக இருந்துவிட்டது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரு நொடி தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்கள். பறங்கிக்காரர் குணமாகி வந்தபோது அவருக்கு வேறு ஹோட்டல் பார்த்துக் கொடுத்தார்கள்.

ஜாஸ் என்கிற அந்தச் சங்கீதத்தில் பேஸ்காரன் முன்னால் நிற்பதில்லை. டிரம்பெட்காரன் அழவும் சிரிக்கவும் பேஸ்காரன் தரையாகக் கிடக்க வேண்டும். பல்தசார் அப்படிக் கிடந்தார், ஆனால் தன் வழியில் கிடந்தார். தோணியிலிருந்து பலகை வழியாக இறங்குகிறவன், அலையில் பலகை மேலே வரட்டும் என்று காத்திருந்து கால் வைப்பான்; அதுபோலத் தாளம் விழுகிற இடத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி அவருடைய சுரம் விழும். கேட்கிறவனுக்கு அந்த மயிரிழை நேரம் வயிற்றுக்குள் யாரோ ஊஞ்சலை இழுத்துப் பிடித்திருப்பது போலவும், அடுத்த கணம் விட்டுவிட்டது போலவும் இருக்கும். பம்பாயில், கல்கத்தாவில், சிங்கப்பூர் போகிற கப்பல்களில் பேஸ் வாசித்தவர்கள் இதைக் கேட்டுப் பழகி, பழகியதைப் பிறருக்குக் கொடுத்து, அதற்குத் 'தூத்துக்குடி நடை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தூத்துக்குடிக்கு மட்டும் இது தெரியாது. ஹோட்டல்கள் பேண்டு செட்டுகளை அனுப்பிவிட்டு ரெக்கார்டு போட ஆரம்பித்த பிறகு, ஐம்பத்தோரு வயதில், பெரிய பிடிலைத் தோணியின் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, மாட்டு வண்டியில் வந்து இறங்கிய அந்தப் பொருளை எங்கள் தெரு ஒரு பீரோ என்றுதான் நினைத்தது.

எஸ்கலினுக்கு அப்போது நாற்பத்து நாலு. லாஞ்சு ஓட்டிய கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரித் தூளையும் நுரைக்க அடித்து, காகிதக் கூம்பில் அடைத்து, தட்டில் கோபுரம் கோபுரமாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் காயவைத்து விற்கிற கடையைத் தனியாக நடத்தி வந்தாள். பல்தசார் தினமும் நாலு மணிக்கு வந்து நாலு மக்ரூன் வாங்கி, நின்றபடியே தின்று, ஒரு வார்த்தை பேசாமல் போவார். ஏழு மாதம் இப்படிப் போனது. அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய பிடிலையும் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாடி ஜாடிகளுக்கு முன்னால் நிறுத்தினார்.

"எஸ்கலின், எனக்குப் பேச்சு அவ்வளவா வராது. இத வச்சுக் கேக்குதேன்" என்றார். ஒரே ஒரு தடவை சுண்டினார்.

எஸ்கலின் கையிலிருந்த கூம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "புரிஞ்சிட்டு," என்றாள். "ஒரு வாரம் டைம் வேணும். அதுக்குள்ள மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க, ஜாடி மூடியெல்லாம் ஆடுது."

பல்தசார் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்தார். கம்பி எப்போதோ நின்றிருந்தது. சத்தம் பிடிலில் இல்லை; கல்லாவுக்கும் ஜாடிகளுக்கும் நடுவில், ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில், தானாக நின்றுகொண்டிருந்தது. பிடிலை வெளியே கொண்டுபோய்ப் பார்த்தார், சத்தம் கடையிலேயே இருந்தது. எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த மாசிலாமணி வந்து, வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் நேராகத் தரையில் விழுந்து, விழுந்த இடத்தில் வட்டம் வட்டமாக நடுங்கியது.

"இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி, பாவம், யாருக்கு என்ன செய்யுது?" என்றார் மாசிலாமணி.

அடுத்த செவ்வாய்க்கிழமை எஸ்கலின் சரி என்றாள். தை மாதம் கோயிலில் வைத்துக் கல்யாணம் முடிந்தது. பதில் கிடைத்துவிட்டதால் சத்தம் போய்விடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அது போகவில்லை.

அதற்குப் பிறகு அது எங்கள் தெருவோடு கலந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எஸ்கலினின் மக்ரூன்கள் அந்த நடுக்கத்தில் வெடிப்பில்லாமல், நுனி வளையாமல் எழும்பின. பல் முளைக்கிற பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கி வந்து ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றால், கால் மணியில் பிள்ளை தூங்கிவிடும், சில சமயம் தாயும் தூங்கிவிடுவாள். மூடுபனிக் காலத்தில் மூன்று மைல் தள்ளி நிற்கிற தோணிக்காரர்கள் பாய்மரத்தின் அடியில் காதை வைத்துக் கேட்டு, சத்தம் கூடுகிற பக்கமாகத் தோணியைத் திருப்பி, நேராகக் கரைக்கு வந்தார்கள். காது சுத்தமாகக் கேட்காத வலைக்காரர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் உண்டு, இரண்டு பேரும் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடை வாசலில் நின்று பாதத்தால் கேட்டார்கள். ஐஸ் வண்டிக்காரரும், கோலப்பொடி விற்கிறவளும், பழைய இரும்புக்காரரும் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் தங்களை அறியாமல் அந்தச் சுரத்துக்குச் சேர்த்துக் கூவினார்கள். மற்றத் தெருக்களில் கூவியதைவிட இங்கே அவர்களுக்கு நல்ல வியாபாரம். சிவன் கோயில் சாமி புறப்பாடு தெருவைக் கடக்கும்போது நாதஸ்வரக்காரர் இந்தச் சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு ஒருமுறை வெளுத்து வாங்கிவிட, பக்கத்தில் சுருதிக்காக ஒத்து ஊதுகிறவர் தன் பிழைப்பு போய்விடும் என்று கோபித்துக்கொண்டு சாமிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். எஸ்கலின் அவருக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் கொடுத்து, "நீங்க ஊதுங்கய்யா, அது சும்மா ஒங்களுக்குத் துணைக்கு நிக்கும்" என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன பெண்கள் முதல் கடிதத்திலேயே, இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் வீடு ஓவென்று இருக்கிறது என்று எழுதினார்கள்.

எல்லோருக்கும் பிடித்துப்போன அந்தச் சத்தம் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அவர் பல்தசார்தான்.

பிடிலை எடுத்து அவர் எந்தப் பாட்டை ஆரம்பித்தாலும் நாலாவது அடியில் அது அந்தச் சுரத்தின் பக்கம் சாய்ந்துவிடும், சாய்ந்ததும் தெரு கைதட்டும், "அதேதான் அண்ணாச்சி, அதேதான்!" என்று சத்தம் போடும். பாட்டு முழுசாக யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பம்பாயிலிருந்தும் கொச்சியிலிருந்தும், அவர் நடையைப் பழகிப் பிழைத்த பேஸ்காரர்கள் ரயில் ஏறி வந்தார்கள். அவரைப் பார்க்க வருகிறார்கள் என்று எஸ்கலின் மீன் குழம்பு வைத்தாள். வந்தவர்களில் ஒருவர் டேப் ரெக்கார்டரைக் கல்லா மேல் வைத்துவிட்டு, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சத்தத்த மட்டும் எடுக்கணும்" என்றார். பல்தசார் தள்ளி நின்றார். ஊருக்குப் போய்ப் போட்டுப் பார்த்ததில் டேப்பில் முட்டை அடிக்கிற சத்தமும் மாசிலாமணி கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தமும்தான் இருந்தனவாம்.

"அடுத்த சுரத்துக்கு எடம் விட்டுப் போறதுதான் சுரம்," என்று அன்று அவர் எஸ்கலினிடம் சொன்னார். "இது போகவும் மாட்டேங்குது, நம்மளப் போகவும் விட மாட்டேங்குது. முப்பது வருசம் வாசிச்சேன், எஸ்கலின். அதுல எனக்குன்னு மிஞ்சினது, நான் ஒண்ணுமே செய்யாம நின்ன இந்த ஒரு சத்தம்."

பிடிலுக்கு மைதா மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த உறை ஒன்றைப் போட்டு, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். பிறகு பதினோரு வருசம் அதைத் தொடவில்லை. கூம்பு மடித்தார், மக்ரூன் பிழிந்தார், வந்தவர்களோடு சிரித்துப் பேசினார். கல்லாவில் சும்மா இருக்கும்போது மட்டும் இடது கை விரல்கள் பலகையில் எதையோ அழுத்தி அழுத்தி எடுக்கும்.

சத்தம் பிறந்து பதினைந்தாவது வருசம், வார்டு கவுன்சிலர் தங்கமாரியப்பன் விழா எடுக்க ஏற்பாடு செய்தார். தெருவை அடைத்துப் பந்தல், கலர் பேப்பர், கடைக்கு நேர் எதிரே மேடை, பல்தசாருக்குப் பொன்னாடை. விழாவுக்கு முந்தின நாள் காலையில் பல்தசார் டிரங்குப் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா மகனின் தோணி மறுநாள் சாயங்காலம் கொழும்புக்குப் பாய் எடுப்பதாக இருந்தது.

எஸ்கலின் வாசல் நிலையில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். "என்னையும் கூப்பிடுதியளா, இல்ல நீங்க மட்டுமா?"

"கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துருதேன். அந்தப் பொன்னாடைய மட்டும் என்னால போத்திக்கிட முடியாது. செத்தவனுக்குப் போத்துத மாதிரி இருக்கு."

"போறதுன்னா போங்க, நான் மறிக்கல" என்றாள் எஸ்கலின். "ஆனா எனக்கு ஒரு பாட்டு வாசிச்சிட்டுப் போங்க. ஒத்தச் சுரத்தக் கேட்டு ஒங்களக் கட்டிக்கிட்டேன். பதினஞ்சு வருசமா அத மட்டுந்தான் கேக்குதேன். மிச்சத்த நான் இன்னும் கேக்கவே இல்லயே."

பல்தசார் கையிலிருந்த சட்டையைப் பெட்டியின் மேல் போட்டார். பிறகு எழுந்து மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்ற தங்கமாரியப்பனைக் கடந்து, பெரிய பிடிலை அணைத்துக்கொண்டு அவர் மேடை ஏறினார். அறுபத்தாறு வயது. உறையை உருவியதும் மாவு புகையாகப் பறந்து முதல் வரிசையில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. கடைக்குள்ளிருந்து சத்தம் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுண்டவில்லை. அதற்குக் கீழே வேறொரு சுரத்தை வைத்தார்.

நாங்கள் பதினைந்து வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், அது அப்படியே இருக்கும்போதே, வேறாகிவிட்டது. ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்ற ஒன்று, கீழே வந்தவரின் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதது. பல்தசார் இன்னொரு சுரத்துக்கு நகர்ந்தார், அழுததே சிரித்தது. இன்னொன்றுக்கு நகர்ந்தார், ஏதோ ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நின்றது. பிறகு அவர் நடக்கத் தொடங்கினார், மெதுவாக, ஒவ்வொரு அடியும் ஒரு மயிரிழை பிந்தி, மேலே போய், கீழே இறங்கி, முடுக்குச் சந்துகளில் புகுந்து வெளியே வந்து, கொழும்பும் பம்பாயும் கப்பலின் மேல்தளமும் ஒவ்வொன்றாக வந்து போக, போகிற இடத்துக்கெல்லாம் அந்த ஒற்றைச் சத்தம் முகத்தை மாற்றி மாற்றிக்கொண்டு கூடவே வந்தது. மாசிலாமணி பாய்லரை அணைக்க மறந்துவிட்டார். பந்தலில் முந்நூறு பேருடைய தலையும் ஒன்றாக ஆடியது. ஒத்து ஊதுகிறவர் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார், அவர் ஆடியதைப் பார்த்துக் கவுன்சிலர் பொன்னாடையைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்.

முக்கால் மணி நேரம் வாசித்தார். முடித்ததும் கைதட்டல் வரவில்லை, யாருக்கும் அது தோன்றவில்லை. எஸ்கலின் முதல் வரிசையிலிருந்து எழுந்தாள். முகத்தில் மாவும் கண்ணீரும் சேர்ந்து பசையாகியிருந்தன.

"இவ்வளவையும் உள்ள வச்சிக்கிட்டா எனக்குக் கூம்பு மடிச்சிக் கொடுத்திய?" என்றாள்.

கொழும்புத் தோணி அவர் இல்லாமல் பாய் எடுத்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பிற்பகலில் அவர் கடையில் வாசித்தார். கேட்க வருகிறவர்கள் தெருமுனை வரைக்கும் நின்றார்கள். வெளியூர் பேஸ்காரர்கள் இப்போது டேப் ரெக்கார்டர் இல்லாமல் வந்து, சத்தத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் விரல்களைப் பார்த்தார்கள். எழுபத்து மூன்று வயதில், ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்து, மக்ரூன் ஒன்றைக் கடித்துக்கொண்டு, "இன்னைக்குப் பாகு பதமா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். அடக்கத்துக்குப் பதினேழு பேஸ்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரு மயிரிழை பிந்தி நடந்ததால் பெட்டி கல்லறைக்குப் போய்ச் சேர இருட்டப் பார்த்தது.

சத்தம் நின்றுவிடும் என்று மறுபடியும் எதிர்பார்த்தோம். நிற்கவில்லை. எஸ்கலின் அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இன்னும் ஏழு வருசம் மக்ரூன் பிழிந்தாள். பேஸ்காரர்கள் வருவதும் நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஜாடிகளுக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டோ கும்பிட்டுக்கொண்டோ, அந்தச் சத்தத்துக்கே கம்பியைச் சேர்த்து, பல்தசாரைப் போலவே வாசித்தார்கள். எஸ்கலின் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

ஏழாவது வருசம் ஆனி மாதத்தில் மதுரையிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண், தன் பெரிய பிடிலோடு, காலைப் பஸ்ஸில் வந்தாள். முப்பத்து நாலு வயது, ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை. கொழும்பு ஹோட்டல் பேண்டின் பழைய கேசட்டுகள் இரண்டை வைத்துக்கொண்டு, டேப் ரெக்கார்டரில் மேல் சத்தத்தையெல்லாம் குறைத்துவிட்டு அடிச் சத்தத்தை மட்டும் பத்து வருசம் கேட்டுக் கற்றுக்கொண்டவள்; பல்தசாரைப் பார்த்ததே இல்லை. கடைக்குள் வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள் எஸ்கலினிடம், ஒரு வீட்டுக்கு வந்தவள் அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல. பிறகு தன் பிடிலை நிறுத்தி, சத்தத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் ஆரம்பித்து, தன் பாட்டுக்கு வாசிக்கத் தொடங்கினாள்.

அவள் பிந்தவில்லை. சில இடங்களில் முந்தினாள், சில இடங்களில் தெருவில் யாரோ கூப்பிட்ட மாதிரி நின்று திரும்பிப் பார்த்தாள், கூட்ஸ் வண்டி தண்டவாளம் மாறுகிற மாதிரி ஒரு தடதடப்பு நடுவில் வந்து போனது. சத்தத்தை அவள் மதிக்கவும் இல்லை, அவமதிக்கவும் இல்லை. எஸ்கலின் பிழிந்துகொண்டிருந்த கூம்பைக் கீழே வைத்தாள். கல்லாவை ஒட்டியிருந்த ஜாடியின் மூடி ஆடாமல் நின்றது. பிறகு அடுத்த ஜாடியின் மூடி நின்றது. ஒவ்வொன்றாக வாசல் பக்கம் வரைக்கும் நின்றுகொண்டே வந்து, கடைசி மூடியும் நின்று, அவளும் வாசித்து முடித்தபோது, கடைக்குள் இருபத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக ஈ பறக்கிற சத்தம் கேட்டது. சுரம் தன் இடத்தை விட்டு நகர்ந்து, மெல்லிசாகி, ஜெசிந்தாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

அவள் பயந்துபோய் இரண்டு அடி பின்னால் போனாள். அதுவும் இரண்டு அடி போனது.

"ஏ, புடிங்கப்பா! அது நம்ம தெருச் சொத்து!" என்று மாசிலாமணி கிளாஸோடு ஓடி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகளை எப்படித் தூங்கவைப்பது என்று கேட்டார்கள், மூடுபனியில் தோணி எப்படிக் கரை சேரும் என்று கேட்டார்கள், கவுன்சிலருக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள். ஜெசிந்தா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "நான் ஒண்ணும் பண்ணலைங்க, சும்மா வாசிச்சேன்."

எல்லோரும் எஸ்கலினைப் பார்த்தார்கள். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, சத்தத்துக்குள் கையை நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். எழுபத்து மூன்று வயதுக் கை அந்த நடுக்கத்தோடு சேர்ந்து நடுங்கியது.

"இத்தன வருசம் இருந்ததே எனக்காகத்தான்," என்றாள். "போக மாட்டேங்குதேன்னு அவுக அவ்வளவு வருத்தப்பட்டாக. இப்போ அதா கெளம்புது. மறிக்கிறதுக்கு நாம யாரு? புள்ளைகளுக்கு நான் பாடுதேன், எனக்குத் தெரிஞ்ச மட்டும். தோணிக்கு அரசாங்கம் விளக்கு வச்சிருக்கு." ஜெசிந்தாவின் தோளைத் தொட்டு, "வா மக்கா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.

தெருவே பஸ் நிலையத்துக்கு நடந்தது. முன்னால் பிடிலைச் சுமந்துகொண்டு ஜெசிந்தா, அவளுக்கும் எஸ்கலினுக்கும் நடுவில் சத்தம், பின்னால் மக்ரூன் பொட்டலத்தோடு மாசிலாமணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மதுரை பஸ்ஸில் கடைசி இருக்கையில் பிடிலைச் சாய்த்து வைத்தார்கள். சத்தம் படியேறி உள்ளே போனதும் ஜன்னல் கம்பிகள் எல்லாம் மெல்லிசாக அதிர்ந்தன. ஏறி உட்கார்ந்து கால் மணி நேரமாக டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்த பயணிகள் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள்.

கண்டக்டர் பைக்குள் கையை விட்டபடி, முன்னாலும் பின்னாலும் காதைத் திருப்பிப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற எஸ்கலினிடம் கேட்டார்.

"ஆச்சி, இது எங்க எறங்கணும்?"

"அது இஷ்டப்பட்ட எடத்துல எறங்கிக்கிடும்" என்றாள் எஸ்கலின். "நீ விசில ஊது, ராசா."